அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் தண்ணீர் போகும் இடம் தெரிந்துவிடுமா?

சென்னைக்கு எதிரே கடலில் ஒரு பாட்டிலைப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நீரோட்ட வரைபடம்தான் நாள்தோறும் இணையத்தில் கிடைக்கிறதே, அதிலுள்ள அம்புக்குறிகளை வரிசையாகப் பின்தொடர்ந்தால் போதாதா, அதற்கு மேல் என்ன கணிதம் வேண்டியிருக்கிறது என்பது அவருடைய ஐயம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாராம். வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் தெரியுமாம். கேள்வி பாட்டிலைப் பற்றியதுபோலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது வேறு. ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தால், அது எங்கே போகிறது என்பதும் தெரிந்ததாக ஆகாதா? ஆகாது. கடலில் விடப்பட்ட மிதவைகளின் பாதைகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவன் என்ற முறையில், ஏன் ஆகாது என்பதையும் அதற்குப் பதிலாகக் கணிதம் எதைத் தருகிறது என்பதையும் எழுதுகிறேன். நான் கடல் இயற்பியல்காரன். மீன்களைப் பற்றியோ பவளப்பாறைகளைப் பற்றியோ இதிலிருந்து யாராவது முடிவெடுத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

முதலில் எளிதான பாதியை முடித்துவிடலாம். எவ்வளவு தண்ணீர் கடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு முந்தைய கணிதமே நன்றாகப் பதில் சொல்கிறது. 1893 முதல் 1896 வரை வட துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் உறைந்து மிதந்த ஃப்ராம் கப்பலில் இருந்த நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென், பனி காற்றடிக்கும் திசையிலேயே நகராமல் அதற்கு வலப்புறமாக விலகி நகர்வதைக் கவனித்தார். 1905-இல் ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் அதற்குச் சமன்பாடு எழுதினார். பூமியின் சுழற்சியால், காற்று தள்ளும் மேலடுக்கு நீரின் மொத்த ஓட்டம் வட கோளத்தில் காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்புறம் போகிறது. அளவைக் கணக்கிட, காற்றின் இழுவிசையை நீரின் அடர்த்தியாலும் கொரியோலிஸ் எண்ணாலும் (பூமியின் சுழற்சி ஓர் அட்சரேகையில் ஓட்டத்தை எவ்வளவு திருப்புகிறது என்பதன் அளவு) வகுத்தால் போதும். 10 பாகை வட அட்சரேகையில், வினாடிக்கு 8 மீட்டர் காற்று கரைக்கு இணையாக அடிப்பதாக வையுங்கள். சதுர மீட்டருக்கு 0.1 நியூட்டன் அளவு இழுவிசை. வகுத்தால் ஒவ்வொரு மீட்டர் கரைக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 4 கனமீட்டர் வரும். 100 கிலோமீட்டர் நீளக் கரைக்கு வினாடிக்கு 3.9 லட்சம் கனமீட்டர். காவிரியில் 2 லட்சம் கனஅடி வெள்ளம் என்றால் செய்தித்தாள்களில் முதல் பக்கச் செய்தி. கனமீட்டரில் அது 5,700-ஐக்கூடத் தொடாது. மிதமான கடற்காற்று ஓசையில்லாமல் அதைப்போல் எழுபது மடங்கைக் கரையிலிருந்து நகர்த்திவிடுகிறது. இத்தகைய அளவுகளுக்காகவே ஸ்வெர்ட்ரப் என்ற அலகு இருக்கிறது: வினாடிக்கு 10 லட்சம் கனமீட்டர். ஃபுளோரிடா நீரிணை வழியாக 30 ஸ்வெர்ட்ரப் அளவுக்கு ஓடுகிறது; அண்டார்க்டிகாவைச் சுற்றிவரும் ஓட்டம் 130-க்கும் மேல்.

நீங்கள் பார்க்கும் அம்புக்குறிகளும் பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்தந்த இடத்துக்கு யாரும் போய் அளந்து வந்தவை அல்ல. செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கிறது; மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய வேண்டிய நீரைப் பூமியின் சுழற்சி திருப்பிவிடுவதால், அது மேட்டைச் சுற்றி ஓடுகிறது. 15 பாகை அட்சரேகையில் 100 கிலோமீட்டருக்கு வெறும் 10 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் வினாடிக்கு 26 சென்டிமீட்டர் ஓட்டம் கிடைக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கொரியோலிஸ் எண் சுழியாகிவிடுவதால் இந்தக் கணக்கு அங்கே உடைந்துவிடுகிறது. கரையை ஒட்டிய பட்டையிலும் இதை நம்ப முடியாது. செயற்கைக்கோளின் அளவீடே அங்கே தடுமாறுகிறது. உங்கள் பாட்டில் விழுவதோ அந்தப் பட்டையில்தான்.

இனி நீங்கள் கேட்டது. ஓட்டம் காலத்தால் மாறாமல் அப்படியே நின்றிருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அம்புக்குறிகளைக் கோத்த கோடுதான் பாட்டிலின் பாதை. ஆனால் கடல் மாறிக்கொண்டே இருக்கிறது. வரைபடம் என்பது ஒரு நொடியில் ஊர் முழுவதும் எந்தெந்த சிக்னல் பச்சையாக எரிகிறது என்று காட்டும் புகைப்படம். நீங்கள் நாலாவது சிக்னலுக்குப் போய்ச் சேரும்போது அது சிவப்பாகியிருக்கும். ஒரே இடத்தில் நின்று கடந்துபோகும் நீரை அளப்பதை ஆய்லர் பார்வை என்கிறோம்; ஒரு துளியோடு கூடவே பயணம் செய்வது லக்ராஞ்சியப் பார்வை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, நேரத்துக்கு நேரம் மாறும் திசைவேகத்தைத் தொகையிட வேண்டும். எழுதினால் ஒரே வரிச் சமன்பாடு. அந்த ஒரு வரிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

தொகையிடுவதிலேயே முதல் கண்ணி இருக்கிறது. மாணவனாக இருந்தபோது நான் எழுதிய முதல் நிரலில், இன்றைய இடத்தின் வேகத்தை ஒரு நாளால் பெருக்கிக் கூட்டி நாளைய இடத்தைக் கண்டுபிடித்தேன். பாடநூலில் முதல் பக்கத்தில் வரும் ஆய்லர் முறை. ஒரு நீர்ச்சுழலுக்குள் விட்ட துகள்களெல்லாம் சில நாட்களில் வெளியே தெறித்து ஓடின. சுழலிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று உற்சாகமாக நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். என் வழிகாட்டி அதைப் படித்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டி, 'கையால் போட்டுப் பார்' என்றார். பத்து நாளில் ஒரு சுற்றுச் சுற்றும் சுழல். கணக்கில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் ஒரு நாள். வட்டத்துக்குத் தொடுகோட்டில் நேராக நடந்தால் ஒவ்வோர் அடியிலும் மையத்திலிருந்து கொஞ்சம் விலகுவோம் அல்லவா? இந்தக் கணக்கில் ஒவ்வோர் அடியிலும் ஆரம் 1.18 மடங்காகிறது. பத்து அடிகளில் 5.3 மடங்கு. கடலில் கசிவு எதுவும் இல்லை. கசிந்தது என் கணக்கு. அதே ஒரு நாள் அடியை, ஓர் அடிக்குள் நான்கு முறை வேகத்தைப் பார்த்துச் சராசரி எடுக்கும் நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையில் போட்டால் ஒரு சுற்றின் முடிவில் ஆரத்தில் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிட்டுத் துகள்களை ஓடவிடுங்கள்.

சரியாகத் தொகையிட்டாலும் இரண்டாவது கண்ணி காத்திருக்கிறது. அதிலிருந்து எந்த நிரலும் காப்பாற்றாது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவில் அருகருகே இரண்டு கடுகை ஒட்டிவைத்து அவரிடம் கொடுங்கள். ஒரு வீச்சில் மாவு நீள்கிறது, பிறகு மடிகிறது, சுருள்கிறது, மறுபடி தட்டப்படுகிறது. நான்கைந்து முறைக்குள் இரண்டு கடுகும் எந்தெந்த மூலையில் என்று மாஸ்டருக்கே தெரியாது. இத்தனைக்கும் அவர் கையசைவில் குழப்பம் எதுவும் இல்லை. ஒரே மாதிரி ஒழுங்காகத்தான் வீசுகிறார். எளிய, ஒழுங்கான ஓட்டமும் துகள்களின் பாதையைக் கணிக்க முடியாமல் ஆக்கிவிடும் என்பதை 1984-இல் ஹசன் அரெஃப் கணிதமாகக் காட்டினார். கடலில் மாவை நீட்டி மடிக்கும் கை, நகர்ந்துகொண்டே சுழலும் நீர்ச்சுழல்களின் கை.

எண்ணில் போட்டால் இன்னும் கசக்கும். இரண்டு துகள்களின் இடைவெளி மூன்று நாளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் பிழையோடு தொடங்கினால் 14 நாளில் பிழை 10 கிலோமீட்டர். சரி, கருவிக்குச் செலவழித்து, தொடக்க இடத்தை நூறு மடங்கு துல்லியமாக, 1 மீட்டருக்குள் அளக்கிறீர்கள். கிடைப்பது 28 நாள். நூறு மடங்கு துல்லியத்துக்கு விலை வெறும் இரண்டு வாரம். உண்மைக் கடலில் அந்த இரண்டு வாரமும் கிடைக்காது. சிறிய இடைவெளிகள் இன்னும் வேகமாக விரிகின்றன. 1948-இல் ரிச்சர்ட்சனும் ஸ்டோமலும் ஸ்காட்லாந்தின் ஒரு கடற்கழியில் கிழங்குத் துண்டுகளை இரண்டிரண்டாக மிதக்கவிட்டு, ஜோடிகள் விலகும் வேகத்தை அளந்தார்கள். பார்ஸ்னிப் என்ற அந்தக் கிழங்கு வெளிறிய நிறத்தால் தூரத்திலும் தெரியும், முழுக்க மூழ்கி மிதப்பதால் காற்றும் அதைத் தள்ளாது. இடைவெளி கூடக் கூடக் கலப்பின் வலிமையும் கூடுகிறது, ஏறத்தாழ இடைவெளியின் 4/3 அடுக்கில்: காற்றுமண்டலத்துக்கு 1926-இல் ரிச்சர்ட்சன் சொன்ன விதியோடு அது ஒத்துப்போனது. 2012-இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏறத்தாழ 300 மிதவைகளை ஒரே நேரத்தில் விட்டு நடத்திய சோதனையும் அந்த விதிக்கு நெருக்கமாகவே வந்தது. இரண்டு கிழங்குத் துண்டுகளில் தொடங்கிய கணக்கு இவ்வளவு தாங்கியது எனக்கு இன்றும் வியப்புதான்.

'அப்படியானால் எல்லாம் விரிந்து சிதறிக்கொண்டே போகும்' என்று நினைத்துவிடாதீர்கள். அதே வளைகுடாவில் 2016-இல் நடந்த இன்னொரு சோதனையில், 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பில் பரவியிருந்த சுமார் 200 மிதவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வாரத்துக்குள் 60 மீட்டருக்கு 60 மீட்டர் இடத்தில் வந்து குவிந்தன. ஒரு கல்யாண மண்டபம் அளவு இடம். தண்ணீர் அங்கே வந்து கீழே இறங்குகிறது. மிதக்கும் பொருளால் கூடவே இறங்க முடிவதில்லை. அதனால் தண்ணீர் போகும் இடமும் மிதப்பது போகும் இடமும் ஒன்றல்ல.

ஒரு துளியின் பாதையைச் சொல்ல முடியாது என்று ஆன பிறகு கணிதம் கேள்வியை மாற்றிக் கேட்டது. அந்த மாற்றம்தான் கடந்த முப்பதாண்டின் முக்கியமான வேலை என்பேன். எந்தக் கோட்டின் இரு புறமும் இருக்கும் நீர் தனித்தனி வழியில் பிரிகிறது? எந்தக் கோட்டை நோக்கி எல்லாம் இழுபடுகிறது? துகள்கள் ஒவ்வொன்றும் திக்குத் தெரியாமல் அலைந்தாலும் இந்தக் கோடுகள் ஒப்பீட்டளவில் நிலையானவை. ஜார்ஜ் ஹாலரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இவற்றுக்கு லக்ராஞ்சிய ஒத்திசைவு அமைப்புகள் என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடிக்கும் வழி உங்கள் இரண்டாம் ஆண்டுக் கணிதத்துக்கு எட்டியதே. ஒரு புள்ளியைச் சுற்றிச் சிலுவைபோல நான்கு துகள்களை மிக அருகில் வையுங்கள். பத்து நாள் ஓடவிடுங்கள். முதலில் இருந்த இடைவெளிகளையும் கடைசியில் வந்த இடைவெளிகளையும் கொண்டு ஒரு 2×2 அணி எழுதுங்கள். அதன் நிரை நிரல் மாற்று அணியால் அதைப் பெருக்கி, பெரிய ஐகன் மதிப்பை எடுங்கள். அதன் வர்க்கமூலம்தான் அந்தப் புள்ளி எவ்வளவு நீட்டப்பட்டது என்பதன் அளவு. அதற்கு மடக்கை எடுத்துப் பத்து நாளால் வகுத்தால் லியாபுனோவ் அடுக்கு. இதைக் கடல் முழுவதும் புள்ளி புள்ளியாகச் செய்து நிறம் தீட்டினால், மலைமுகடுகள்போலச் சில கோடுகள் எழுந்து நிற்கும். காலத்தை முன்னோக்கி ஓட்டினால் வருபவை நீரைப் பிரிக்கும் கோடுகள். பின்னோக்கி ஓட்டினால் வருபவை நீரை இழுத்துச் சேர்க்கும் கோடுகள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்தது. மே நடுவில், அதுவரை திட்டாகக் கிடந்த எண்ணெயிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மெல்லிய வால் ஒன்று திடீரெனத் தென்கிழக்கே கிளம்பியது. புலிவால் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிடித்துக்கொண்டு தவித்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். அது அங்குள்ள வளைய நீரோட்டத்தில் சேர்ந்து, ஃபுளோரிடாவைச் சுற்றி அட்லாண்டிக் கடலுக்குள் போய்விடும் என்ற அச்சம் பரவியது. அப்படி நடக்கவில்லை. அந்த நீரோட்டத்திலிருந்து பெரிய சுழல் ஒன்று கழன்று, பாதையைத் துண்டித்துவிட்டது. 2012-இல் ஒலாஸ்கோவாகாவும் ஹாலரும் அந்த நாட்களின் திசைவேகத் தரவுகளை மறுபடி எடுத்து, இழுத்துச் சேர்க்கும் கோடுகளில் மிக வலுவான ஒரு பகுதியைக் கவனித்தால் புலிவால் கிளம்பப்போவதைச் சில நாட்கள் முன்பே கண்டிருக்கலாம் என்று காட்டினார்கள். எதிர்காலக் காற்று முன்னறிவிப்பே தேவைப்படவில்லை. அதுவரை நடந்த ஓட்டத்திலேயே விதை இருந்தது.

ஆனால் இது நடந்து முடிந்த பிறகு சொன்னது. நடந்துகொண்டிருக்கும்போது இந்த முறை எவ்வளவு உதவும் என்பது ஒவ்வொரு முறையும் ஐயத்துக்கு உரியதே. லியாபுனோவ் அடுக்கின் முகடு ஒவ்வொன்றும் உண்மையான எல்லை அல்ல என்பதையும் ஹாலரே காட்டியிருக்கிறார். அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பட்டைகள் வெவ்வேறு வேகத்தில் உரசிக்கொண்டு போனாலும் முகடு வரும். அங்கே யாரும் யாரையும் பிரிப்பதில்லை. அழகான படம் வந்தவுடன் நம்பிவிடுவது எங்கள் துறையின் பழைய வியாதி. உள்ளே போட்ட அம்புக்குறியில் 20 கிலோமீட்டர் பிழை இருந்தால் வெளியே வரும் கோட்டிலும் அது இருக்கும், எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தாலும்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் யோசிப்பதாக இருந்தால் வேறொரு கருவி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், அதில் ஆணவம் குறைவு. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். உலகெங்கும் மிதக்கும் மிதவைகளின் பதிவை எடுத்து, ஒரு கட்டத்தில் இருந்தவற்றில் எத்தனை விழுக்காடு இரண்டு மாதம் கழித்து எந்தெந்தக் கட்டத்தில் இருந்தன என்று எண்ணுங்கள். கிடைப்பது ஒரு பெரிய நிகழ்தகவு அணி, மார்க்கோவ் சங்கிலி. அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் ஆண்டுகள் ஓடும். 2012-இல் எரிக் வான் செபில், மேத்யூ இங்லண்ட், கேரி ஃப்ராய்லண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இப்படிச் செய்து, மிதக்கும் குப்பை சேரும் இடங்கள் ஆறு என்று காட்டினார்கள். ஐந்து ஏற்கெனவே தெரிந்தவை. ஆறாவது வடக்கே பேரண்ட்ஸ் கடலில் உருவாகிவருவது. அணியின் ஐகன் மதிப்புகளில் 1-ஐ ஒட்டி இருப்பவை, நீர் எளிதில் வெளியேறாத பகுதிகள் எவை என்று சொல்லும். வங்கக் கடலுக்கு இதைச் செய்ய நினைத்தால் ஓர் எச்சரிக்கை: ஒரே அணி போதாது. கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். ஆண்டுச் சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கரையோரத்தில் ஓட்டமே இல்லாததுபோல ஒரு பொய் கிடைக்கும். பருவத்துக்கு ஓர் அணி வேண்டும். இன்றைய இடத்தை மட்டும் வைத்து நாளைய இடத்தைச் சொல்லலாம் என்ற மார்க்கோவ் அனுமானமும், இரண்டு மாத அடிக்குப் பெரும்பாலும் தாங்கும், இரண்டு நாள் அடிக்குத் தாங்காது. சுழலுக்குள் மாட்டிய மிதவை தன் பழைய கதையைச் சீக்கிரம் மறப்பதில்லை.

தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிதவைக்கு அடியில் 15 மீட்டர் ஆழத்தில், துளையிட்ட நீளமான துணிக்குழாய் ஒன்று தொங்கும். காற்று தள்ளாமல் தண்ணீரோடு போகவைக்கும் பாய்மரம் அது, தலைகீழாக. அது அறுந்துபோனால் மிதவை காற்றின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும், ஆனால் நிலையை மட்டும் ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்கும். அறுந்தது தெரியாமல் சேர்த்த பதிவுகளால், நீரோட்டமே பல ஆண்டுகளாக வலுத்துவருவதுபோல ஒரு போலி மாற்றம் தோன்றியது. பிறகுதான் பழைய பதிவுகளை எல்லாம் தோண்டித் திருத்தினார்கள். எவ்வளவு நேர்த்தியான ஐகன் மதிப்பும் ஒரு துணிக்குழாயை நம்பித்தான் நிற்கிறது.

காற்றின் பங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்எச்370 விமானத்தின் சிறகுத் துண்டு ஒரு பாடம். 2014 மார்ச் 8 அன்று காணாமல்போன விமானத்தின் அந்தத் துண்டு, 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தினர் முதலில் மாதிரித் துண்டுகளைச் செய்து மிதக்கவிட்டார்கள். பிறகு அதே வகை விமானத்தின் உண்மையான சிறகுப் பாகத்தை வாங்கி, உடைந்த வடிவத்துக்கு வெட்டி, கடலில் விட்டார்கள். மாதிரிகளைவிட அது வேகமாகவும், காற்றின் திசைக்கு இடப்புறம் விலகியும் போனது. கணக்கில் அதைச் சேர்த்த பிறகுதான் ரீயூனியனுக்கு அது போய்ச் சேர்ந்த காலம் பொருந்தியது. விமானம் விழுந்த இடத்தை அந்தக் கணக்கு குறுக்கியது, விமானமோ கிடைக்கவில்லை.

எனவே உங்கள் பாட்டிலுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, கரையோர ரேடார் தரும் ஓட்டமும் காற்று முன்னறிவிப்பும் இருந்தால், ஒரு பாட்டிலுக்குப் பதிலாக ஆயிரம் கற்பனைப் பாட்டில்களைச் சற்றே தள்ளித் தள்ளிப் போட்டு ஓடவிட்டு, அவை பரவும் திட்டைக் காட்டலாம். அந்தத் திட்டுக்குள் உங்களுடையது இருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு, எந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதை மட்டும், தயக்கத்தோடு. மூன்று மாதத்துக்கு, நீங்கள் போட்டது மார்ச்சா நவம்பரா என்பதைக் கேட்டுவிட்டு, ஒரு நிகழ்தகவு வரைபடம். எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. பாட்டிலில் எத்தனை பங்கு தண்ணீர் நிரப்பி மூடினீர்கள் என்பதையும் எழுதவில்லை. கழுத்துவரை நிரம்பியதும் காலியானதும் வேறு வேறு ஊர்களுக்குப் போகும்.